ஊசியால் எழுப்பிய சுவர்
தரைவீடு: கொரிய இல்லத்தின் கதை – பகுதி 9

சென்ற பகுதியை அடுப்படியில் நிறுத்தியிருந்தோம். சமையலறை அடுப்பில் மூட்டிய தீ, அடுத்த அறையின் அடியில் ஓடும் கல்வழிகளில் புகுந்து, தரையைச் சூடாக்கிவிட்டுப் புகைபோக்கி வழியே வெளியேறும் ஒண்டோல் ஏற்பாட்டைப் பார்த்தோம். தரை சூடாகிவிட்டது. தரைக்கு மேலே?

மேலே குளிர்தான். ஜோசோன் காலத்து (1392–1910) வீடுகளின் கதவும் சன்னலும் மரச்சட்டத்தில் ஒட்டிய ஹான்ஜிக் காகிதம். வெளிச்சத்தை அழகாக உள்ளே விடும். சட்டத்துக்கும் நிலைக்கும் நடுவே இருக்கும் இடுக்குகளில் காற்றும் வந்துவிடும். வடக்கிலிருந்து சைபீரியக் குளிர் இறங்கும் மாதங்களில் தரையில் படுத்தவருக்கு முதுகு வேகும், மூக்கு உறையும். அறைக்குள் தலைமட்டத்தில் உலவும் இந்தக் குளிர்காற்றுக்குக் கொரிய மொழியில் 'உத்புங்' என்று தனிச்சொல்லே உண்டு.

அந்தக் காற்றுக்கு எதிராக நிறுத்தப்பட்டதுதான் மடக்குத் திரை. அதன் பெயர் 'பியோங்புங்'. பியோங் என்றால் மறைப்பு, புங் என்றால் காற்று. அழகுப் பொருளாக இது பிறக்கவில்லை என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. சீனத்திலிருந்து வந்த பொருள், கொரியாவில் வேரூன்றி நெடுங்காலம் ஆகிறது. 686-ஆம் ஆண்டு கொரியாவின் சில்லா அரசு ஜப்பானிய அரசவைக்கு அனுப்பிய பரிசுகளில் மடக்குத் திரையும் இருந்ததாக ஜப்பானின் பழைய வரலாற்று நூலான நிஹோன் ஷோகி குறிக்கிறது. அதற்குள்ளாகவே இது ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குத் தரத்தக்க பொருளாகிவிட்டது.

செய்முறை எளிமையானது. இலேசான மரச் சட்டகம். அதன்மேல் அடுக்கடுக்காகப் பசையிட்டு ஒட்டிய ஹான்ஜி. அதற்கும் மேல் ஓவியமோ எழுத்தோ பூத்தையலோ. சுற்றிலும் பட்டுக் கரை. இப்படிச் செய்த பலகைகளை வரிசையாக இணைத்தால் திரை. இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று மடிப்புகள் பெரும்பாலும் இரட்டைப்படையில் வரும். அப்போதுதான் கோணல்மாணலாக விரித்தால் தானே நிற்கும், மடித்தால் ஒரு புத்தகம்போல மூடிக்கொள்ளும். கொரியத் திரைகள் பலவற்றுக்குக் கீழே குட்டையான கால்கள் இருப்பதைக் கவனிக்கலாம். சூடேறிய தரையில் பட்டும் பசையும் நேரடியாகப் படாமல் அவை தூக்கிப் பிடிக்கின்றன. ஒண்டோல் அறையின் குளிரைத் தடுக்க வந்த திரைக்கு ஒண்டோலின் சூடும் பகைதான்.

வீட்டில் இது எங்கே நின்றது என்பதைப் பொறுத்து இதன் முகம் மாறும். ஆண்கள் விருந்தினரை அமர்த்திப் பேசும் சராங்பாங்கில் மையெழுத்துத் திரை, மலைநீர்க் காட்சித் திரை, புத்தக அலமாரியையே வரைந்த திரை. உள்ளே, வீட்டுப் பெண்கள் வாழும் ஆன்பாங்கில் நிறம் நிறமாகப் பூவும் பறவையும். அங்கேதான் பூத்தையல் திரை தன் சொந்த வீட்டில் இருப்பதுபோல் இருந்தது. உட்காரும் மெத்தைக்குப் பின்னால் பெரிய திரை. படுக்கும்போது தலைமாட்டில் இரண்டே மடிப்புள்ள குட்டைத் திரை. அதற்கு 'மொரித்பியோங்' என்று பெயர். 'மொரி' என்றால் தலை.

அறை ஒன்றுதான். பகலில் அதுவே கூடம், சாப்பிடும் நேரத்தில் அதுவே உணவறை, இரவில் படுக்கையறை. மெத்தையைச் சுருட்டி வைப்பதுபோல, சாப்பாட்டு மேசையை எடுத்து வைப்பதுபோல, திரையையும் எடுத்து வைத்தார்கள். நாற்காலியும் கட்டிலும் இல்லாத வீட்டில் சுவர் மட்டும் ஏன் நிலையாக நிற்கவேண்டும்? திரையை விரித்த இடத்தில் ஓர் அறை உண்டாகும். மடித்ததும் அது மறையும்.

இனி அந்தத் திரை ஒரு வாழ்க்கையோடு நடந்து வந்ததைச் சொல்லவேண்டும். இந்தத் தொடரில் நாம் பார்த்த எந்த வீட்டுப் பொருளும் மனிதரோடு இவ்வளவு தூரம் வந்ததில்லை.

குழந்தைக்கு ஒரு வயது நிறையும் 'தோல்' விழாவில் பின்னால் ஒரு திரை நிற்கும். நூலும் தூரிகையும் அரிசியும் பரப்பிய மேசைமுன் குழந்தையை உட்கார வைத்து, எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். திருமணத்தில் பியோனிப் பூத் திரை. செல்வத்தின் பூ அது. அரசுப் பண்டசாலையில் இருந்த பெரிய பியோனித் திரைகளை உயர்குடிக் குடும்பங்கள் கல்யாணத்துக்கு இரவல் வாங்கிச் சென்றதாகத் தலைநகரின் வழக்கங்களை எழுதிவைத்த 18-ஆம் நூற்றாண்டு அறிஞர் யூ தூக்-கோங் சொல்கிறார். மணமக்கள் அறையில் பூவும் சோடிப் பறவைகளும். சில திரைகளில் நூறு சிறுவர்கள்: பட்டம் விடுகிறார்கள், தாமரைக் குளத்தில் இறங்குகிறார்கள், குதிரை விளையாட்டு விளையாடுகிறார்கள். 'பெக்தோங்ஜா' என்று பெயர். ஆண் பிள்ளைகள் நிறையப் பிறக்கவேண்டும் என்ற வேண்டுதல் அது. நூறு பிள்ளைகளில் எல்லாமே பையன்கள். அந்த நூறு பையன்களின் கன்னத்துச் சிவப்பையும் உச்சிக் குடுமியையும் ஒவ்வொன்றாகத் தைத்தவள் யாரோ ஒரு பெண், யாருக்கோ மகள். இந்தத் திரைகளின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் பிள்ளைகளை விட்டு அந்தத் தையலின் பக்கமே போகிறது.

அறுபது ஆண்டுச் சக்கரம் ஒரு சுற்று முடியும் பிறந்தநாள் 'ஹ்வான்காப்'. அன்று பெரியவர்களுக்குப் பின்னால் நிற்பது நீண்ட ஆயுளின் திரை. 'பெக்சூ பெக்போக்' என்ற வகையில் ஆயுள், நற்பேறு என்ற இரண்டே சீன எழுத்துகளை நூறு நூறு வடிவங்களில், பழைய முத்திரை எழுத்துப் பாணியில் மாற்றி மாற்றித் தைத்திருப்பார்கள். ஜோசோன் சமூகம் பெண்களுக்குச் சீன எழுத்தைப் பெரும்பாலும் கற்பிக்கவில்லை. தாங்கள் படிக்கக் கற்பிக்கப்படாத எழுத்தைக் கோடு பிசகாமல் பட்டில் தைத்துக் கொடுத்தவர்கள் எத்தனை பேரோ.

இன்னொரு வகை 'சிப்ஜாங்செங்': ஆயுளின் பத்து அடையாளங்கள். சூரியன், மலை, நீர், பாறை, மேகம், பைன் மரம், சாவைத் தடுக்கும் என்று நம்பிய காளான், ஆமை, நாரை, மான். சில திரைகளில் மூங்கிலோ பீச் பழமோ கூடும். 1879-இல் ஐந்து வயது இளவரசன் அம்மை நோயில் விழுந்து எழுந்தான். பின்னாளில் கடைசிப் பேரரசராகப் போகும் சுன்ஜோங்தான் அந்தப் பிள்ளை. அவன் பிழைத்ததைக் கொண்டாட 1880-இல் பத்து மடிப்புத் திரை ஒன்று உருவானது. அது வரைந்த திரை, தைத்ததல்ல. எட்டு மடிப்புகளில் ஆயுளின் பத்து அடையாளங்கள். மீதி இரண்டில் வைத்தியத்தை மேற்பார்த்த அதிகாரிகளின் பெயர்கள். திரை இன்று அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிகாரிகளின் பெயர்களை இன்றும் படிக்கலாம். பைன் மரத்தையும் மானையும் வரைந்தவரின் பெயர் அவற்றுக்கு நடுவே இல்லை.

கடைசியில் சாவு. உயிர் பிரிந்த உடலுக்கு முன்னால் திரையை நிறுத்தி மறைப்பார்கள். அதற்கு இப்பால் ஊதுவத்திப் புகையும் அழுகையும். அங்கே நிறம் கூடாது. வெள்ளைத் திரை, அல்லது கறுப்பு மையெழுத்து மட்டும் உள்ள திரை. இரண்டு திரை வாங்க வசதியில்லாத வீடுகளுக்காக ஒரு பக்கம் பூவும் மறுபக்கம் எழுத்துமாகச் செய்வதும் உண்டு. கல்யாணத்துக்கு ஒரு முகம், திதிக்கு மறு முகம். 'திரைக்குப் பின்னால் ஊதுவத்தி மணம் பிடிப்பது' என்றால் கொரியப் பேச்சில் செத்துப்போவது. தன் ஒரு வயதில் எந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாரோ அதே திரைக்குப் பின்னால் ஒருவர் படுக்க நேர்வது அந்த வீடுகளில் அதிசயம் இல்லை.

தைத்தவர்களிடம் போவோம்.

அரண்மனையில் 'சூபாங்' என்ற தையல் அறை இருந்தது. சிறுமிகளாகவே அரண்மனைக்குள் கொண்டுவரப்பட்ட பணிப்பெண்கள் அங்கே ஊசியோடு வளர்ந்தார்கள். அரசரின் மார்புச் சின்னம், அரசியின் மண உடை, அறைக்குரிய திரை எல்லாம் அவர்கள் வேலை. இதை 'குங்சூ', அதாவது அரண்மனைத் தையல் என்பார்கள். வெளியே வீடுகளில் தாயிடமிருந்து மகளுக்கும் மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் வந்தது 'மின்சூ', மக்கள் தையல். முன்னதில் பிசிறே இருக்காது. பின்னதில் நாரையின் கால் சற்று நீண்டிருக்கும், நிறம் எதிர்பாராத இடத்தில் மாறியிருக்கும். என்னைக் கேட்டால் பின்னதையே கூடுதல் நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதலில் சட்டத்தில் துணியை இறுக்கி மாட்டவேண்டும். 'சூத்தூல்' என்பது அந்தச் சட்டம். துணியின்மேல் படத்தின் கோடு. அதை ஓவியர் வரைந்து தருவார். அல்லது மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட மாதிரித் தாள் கைக்குக் கை வரும். பிறகு நூல். கொரியத் தையலின் தனித்தன்மை நூலிலேயே தொடங்குகிறது. சீனத்தின் புகழ்பெற்ற தையல் முறுக்காத பட்டிழையை மயிரிழையாகப் பிரித்துத் தைக்கும். துணி கண்ணாடிபோல மின்னும். கொரியப் பெண்கள் பெரும்பாலும் இரண்டு இழைகளைத் தனித்தனியே முறுக்கி, பிறகு எதிர்த்திசையில் சேர்த்து முறுக்கினார்கள். அப்படிச் செய்தால் நூல் பிரியாது, உராய்வில் பஞ்சு கிளம்பாது. ஒளி அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகாமல் ஒவ்வொரு முறுக்கிலும் சிறுசிறு மணியாகத் தங்கும். அதனால்தான் அந்தப் பூக்களுக்குப் பளபளப்பைவிட ஒரு கனம் தெரிகிறது.

தையல்களுக்குத் தனித்தனிப் பெயர்கள். 'ப்யோங்சூ' இடைவெளியில்லாமல் பக்கம் பக்கமாக இட்டு நிரப்பும் தட்டைத் தையல். 'ஜார்யோன்சூ' நீளமும் குட்டையுமாக ஊசி விட்டு, ஒரு வரிசையின் நுனிகளுக்கு நடுவே அடுத்த நிறத்தைப் புகுத்தும் தையல். இதழின் அடியில் அடர்சிவப்பு, விளிம்புக்கு வரும்போது வெளிர்சிவப்பு, எங்கே மாறியது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. கிளைக்கும் காம்புக்கும் 'இயும்சூ'. பூவின் மகரந்தத்துக்கு 'மெதுப்சூ', முடிச்சுத் தையல். பாய் முடைவதுபோலப் பரப்பை நிரப்புவது 'ஜாரித்சூ'. பாறைக்கு அது பொருந்தும். தடித்த நூலைத் துணிக்குள் விடாமல் மேலே கிடத்தி, மெல்லிய நூலால் அங்கங்கே பிடித்துவைப்பது 'ஜிங்கும்சூ'. இலை எப்படி நடுநரம்பில் இரண்டாகப் பிரிகிறது, இறகு எந்தப் பக்கம் சாய்ந்து படிகிறது என்பதைக் கூர்ந்து பார்க்காதவர் இதில் எதையும் தைக்க முடியாது. பள்ளிக்கூடம் போகாத பெண்களின் தாவரவியல் அது.

ஊசியின் மதிப்பை அறிய ஒரு சான்று போதும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுன்ஜோ அரசர் காலத்தில், யூ குடும்பத்து விதவை ஒருவர் ஓர் ஊசிக்கு இரங்கற்பா போன்ற உரைநடை எழுதினார். 'ஜோச்சிம்முன்' என்று பெயர். கணவரின் சிற்றப்பா பெய்ஜிங்குக்குத் தூது போனபோது கொண்டுவந்து கொடுத்த ஊசிகளில் ஒன்று. பிள்ளை இல்லாத அந்தப் பெண்ணுக்கு 27 ஆண்டுகள் துணை இருந்தது. ஒருநாள் இரவு அலுவல் அங்கியின் கழுத்துப் பட்டையைத் தைக்கையில் ஒடிந்தது. அதைக் கைதேர்ந்த தோழியாக நினைத்து, தன் கவனக்குறைவால் மாண்டதாக வருந்தி எழுதியிருக்கிறார். கொரிய உரைநடையின் செல்வங்களில் ஒன்றாக இன்றும் வாசிக்கப்படுகிறது. அந்தப் பெண்ணின் இயற்பெயர் நமக்கு வந்து சேரவில்லை. பிறந்த குலத்தின் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

எல்லாரும் பெண்கள் என்றால் அதுவும் சரியில்லை. வடக்கே பியோங்கான் மாகாணத்தில் அஞ்சு என்ற ஊர். அங்கே பூத்தையல் ஆண்களின் தொழில். தடித்து முறுக்கிய நூல், அடியில் திணிப்பு வைத்து மேடாக எழுப்பிய உருவங்கள், ஓங்கிய கிளைகள். 'அஞ்சுசூ' என்று ஊர்ப் பெயராலேயே புகழ்பெற்றது. ஜோசோனின் கடைசி ஆண்டுகளில் அரண்மனையே அவர்களிடம் வேலை கொடுத்தது. சோல் நகரிலுள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் பத்து மடிப்புப் பூத்தையல் திரை ஒன்று இருக்கிறது. பத்திலும் சேர்ந்து ஒரே பிளம் மரம். அடிமரம் முறுக்கிக்கொண்டு எழுந்து, மடிப்புகளின் எல்லையைப் பொருட்படுத்தாமல் கிளை பரப்பிப் பூக்கிறது. பியோங்யாங் ஓவியர் யாங் கி-ஹுன் வரைந்து 1906-இல் பேரரசர் கோஜோங்குக்குக் காணிக்கையாக்கியது. முந்தைய ஆண்டுதான் ஜப்பான் கொரியாவின் வெளியுறவு உரிமையைப் பிடுங்கியிருந்தது. பனியில் பூக்கும் மரத்தை அந்த நேரத்தில் அரசருக்குக் கொடுப்பதன் பொருளை அரசவையில் யாருக்கும் விளக்கியிருக்கத் தேவையில்லை. இங்கும் நாம் பெயர் சொல்லி நினைப்பது ஓவியரைத்தான்.

ஜோசோன் காலத்தில் பூத்தையலோடு பெயர் ஒட்டிக்கொண்ட பெண் என்றால் சின் சைம்தாங் (1504–1551). கொரியாவில் 2009-இல் வெளிவந்த 50,000 வோன் நோட்டின் முகப்பில் இருப்பவர் அவரே. அவர் படத்துக்கு அருகே திராட்சைக் கொடி ஓவியம் ஒன்று. கூடவே மங்கலாக ஒரு கத்தரிச் செடி. பலரும் அதை ஓவியம் என்று கடந்துவிடுவார்கள். அது ஒரு பூத்தையல் திரையிலிருந்து எடுத்தது. பூசான் நகரின் தோங்-ஆ பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலுள்ள எட்டு மடிப்புத் திரை. அரசின் 'போமுல்' பொக்கிஷப் பட்டியலில் 595-ஆம் எண் பெற்றது. கறுப்பு சாட்டின் துணி. அதன்மேல் கத்தரி, வெள்ளரி, காட்டுச் செவ்வந்தி, அவற்றைச் சுற்றிப் பூச்சிகள். மலையும் நாரையும் பேரரசர்களின் ஆயுளும் இல்லை, வீட்டுக் கொல்லைப்புறம்தான். கறுப்புப் பின்னணியில் கத்தரிக்காயின் ஊதாவைத் துணிந்து வைத்தவருக்குக் கண் இருந்தது.

'திரையில் வரைந்த சேவல் இறக்கை அடித்துக் கூவும்போது' என்று கொரியர்கள் சொல்வது, ஒருநாளும் நடக்காததைக் குறிக்க. சைம்தாங் வரைந்த பூச்சிகளை வெயிலில் உலர்த்தியபோது உயிர்ப்பூச்சி என்று நினைத்துக் கோழி வந்து கொத்தியதாம். இதுவும் அவர்கள் கதைதான். ஆனால் தோங்-ஆ திரையைச் சைம்தாங் தன் கையாலேயே தைத்தார் என்பதற்கு மரபைத் தவிர ஆதாரம் இல்லை. அவர் பாணியில் வரைந்த மாதிரித் தாள்கள் பின்வந்த நூற்றாண்டுகளில் வீடு வீடாகப் போயின. அவர் மகன் யுல்கோக் ஜோசோனின் பெரும் மெய்யியலாளர் ஆனதும், தாயின் பெயரும் வளர்ந்தது. தைத்தவள் வேறொருத்தி என்றால், தன் வேலையை இன்னொரு பெண்ணின் பெயருக்குக் கொடுத்துவிட்டு ஒருத்தி நாட்டின் மிகப்பெரிய நோட்டில் பெயரின்றி இருக்கிறாள்.

1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு ஜோசோன் அரசு அனுப்பிய பொருள்களில் பூத்தையல் திரையும் இருந்தது. வீட்டுத் தலைமாட்டிலிருந்து உலக மேடைக்கு. அடுத்த தலைமுறையில் பூத்தையல் பள்ளிப் பாடமாயிற்று. ஜப்பானியக் காலனி ஆட்சியில் கொரியப் பெண்கள் பலர் தோக்கியோவின் பெண்கள் கலைப் பள்ளிக்குச் சென்று பயின்றார்கள். விடுதலை பெற்ற 1945-இலேயே இஹ்வா மகளிர் பல்கலைக்கழகத்தில் பூத்தையலுக்குத் தனித்துறை பிறந்தது. 1984-இல் பூத்தையல் தேசிய மரபுரிமையாகப் பட்டியலில் ஏறியது. அதன் முதல் காப்பாளராக ஹான் சாங்-சூ அறிவிக்கப்பட்டார். சைம்தாங்குக்குப் பிறகு நான்கு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, தைத்தவர் என்பதற்காகவே அரசு ஒரு பெண்ணின் பெயரை எழுதிவைத்தது.

அதே வேளையில் வீடு மாறிக்கொண்டிருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. தரைக்கடியில் தீக்குப் பதில் வெந்நீர்க் குழாய். காகிதக் கதவுக்குப் பதில் கண்ணாடி. உத்புங் ஒழிந்தது, அதைத் தடுக்க வந்த திரைக்கு அன்றாட வேலை போயிற்று. மகளின் சீர்வரிசைக்கென்று தாய்மார் தைத்த திரைகள் திதி நாளிலும் பண்டிகையிலும் மட்டும் வெளியே வந்து, மறுநாள் அலமாரிக்குப் பின்னால் போயின.

வேண்டாம் என்று போட்டதையும் விற்றதையும் தேடித் தேடிச் சேர்த்தவர் ஹோ தோங்-ஹ்வா (1926–2018). பீங்கானும் ஓவியமும் மட்டுமே சேகரிக்கத் தக்கவை என்று கருதப்பட்ட காலத்தில், பல் மருத்துவரான மனைவி பாக் யோங்-சுக்கோடு சேர்ந்து பெண்களின் தையலைத் திரட்டி, 1976-இல் பூத்தையலுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் அமைத்தார். நான்கு பருவத்துப் பூஞ்செடிகளைத் தொட்டியில் வைத்துத் தைத்த நான்கு மடிப்புத் திரை அவர் சேகரிப்பில் தலைசிறந்தது. அது ஜோசோனுக்கும் முந்தைய கொர்யோ காலத்தின் இறுதியைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். இறக்கும் ஆண்டில் ஏறத்தாழ 5,000 பொருள்களைச் சோல் நகருக்குக் கொடுத்தார். அவை 2021-இல் திறந்த சோல் கைவினை அருங்காட்சியகத்தில் குடியேறின.

அருங்காட்சியகம் நிற்கும் ஆன்குக்-தோங் இடத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. அங்கே முன்பு ஓர் அரண்மனை இருந்தது. அம்மையிலிருந்து பிழைத்த அந்த இளவரசனுக்கு 1882-இல் கல்யாணம் நடந்தது அங்கேதான். அந்தக் கல்யாணத்துக்கும் திரைகள் விரித்திருப்பார்கள், அவற்றைச் சூபாங் பெண்கள் தைத்திருப்பார்கள். இன்று அதே மண்ணில் திரைகள் கண்ணாடிக்குள் நிற்கின்றன. அருகே சிறு அட்டைகளில் நூற்றாண்டு, துணி, அளவு எல்லாம் குறித்திருக்கின்றன. தைத்தவர் என்ற இடம் பெரும்பாலானவற்றில் காலி.

ஹோ தோங்-ஹ்வா திரையைவிட அதிகம் நேசித்த ஒன்று உண்டு. உடை தைத்து மிஞ்சிய துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, வீட்டில் எதையும் மூடவும் பொதியவும் பெண்கள் செய்துகொண்ட 'போஜாகி'. அதை அடுத்த பகுதியில் அவிழ்ப்போம்.

(தொடரும்)